பன்னிரண்டாம் அறை வாத்தியார்

போன வாரம் வெண்டெல் டாப்ஸை எங்கே விட்டோம்? தேவாலயத்தின் நடுவில், சுற்றி இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்ட, குனிந்து நன்றி சொன்ன கோலத்தில். மனிதன் அந்தக் குனிவிலிருந்து இன்னும் நிமிரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நான்காம் வகுப்பு வாத்தியாரான வெண்டெலைப் பள்ளி முழுவதற்கும் ஒழுங்கு பார்க்கிற டீனாக ஆக்க விரும்புவதாகத் தலைமையாசிரியை சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றான் வெண்டெல். அதை வீட்டில் வந்து மனைவி வொனேட்டாவிடம் சொன்னான். அவள் தன் அப்பா அமோஸிடம் சொன்னாள். அமோஸ் எங்கள் தேவாலயத்தின் டீக்கன், சபைக் காரியம் பார்க்கிற மூப்பர். அவர் காதில் விழுந்தது எதுவும் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் ஒலிபெருக்கியில் வந்துவிடும். இதுவும் வந்தது. 'யோசித்து' என்ற சொல் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது; ஒலிபெருக்கியில் வெண்டெல் டீனாகவே ஆகிவிட்டான். பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்று நானும்தான் கைதட்டினேன்.

அன்று முதல் டாப்ஸ் வீட்டுக்குத் தட்டுத் தட்டாகப் பொரித்த மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பும் வந்துகொண்டிருக்கின்றன. வெண்டெல் எல்லாவற்றையும் தின்றான். தின்ற வாயால் எப்படி மறுப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. ஆமாம், அவனுக்கு அந்தப் பதவி வேண்டாம். அதை அவன் இதுவரை குளியலறைக் கண்ணாடியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான்.

இன்று வெள்ளிக்கிழமை. பதில் சொல்லக் கெடு மாலை மூன்று மணி.

காலைச் சாப்பாட்டில் வொனேட்டா ஞாயிற்றுக்கிழமைக்குக் கேக் சொல்லிவிட்டதாக அறிவித்தாள். மேலே 'டீன்' என்று பெரிய எழுத்தில், 'டாப்ஸ்' என்று சின்ன எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறாளாம்.

"என் பேர் ஏன் சின்ன எழுத்துல?" என்றான் வெண்டெல்.

"நீ டாப்ஸுங்கறதுதான் எல்லாருக்கும் தெரியுமே. தெரியாததைத்தானே பெருசா போடணும்?"

"வொனேட்டா, ஒருவேளை…"

"அந்த வார்த்தையை அப்பா முன்னாடி சொல்லிடாத. அஞ்சு மணிக்கே டை கட்டிட்டுக் கிளம்பிட்டாரு மனுஷன்."

வெண்டெல் முட்டையை விழுங்கினான். ஆண்டவர் அவனுக்கு ஆறடி இரண்டு அங்குல உயரம் கொடுத்தார். அதில் பெண்டாட்டியிடம் பேசும் தைரியம் எந்த அங்குலத்தில் இருக்கிறது என்று மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை.

தெற்கு பிலடெல்பியாவில் எங்கள் பள்ளியைப் போல இன்னும் பத்துப் பள்ளிகள் இருக்கும். பிள்ளைகள் நானூறு பேர். பாதிப் பேர் எங்கள் கறுப்புப் பிள்ளைகள். மீதியில் கம்போடியக் குடும்பங்கள், மெக்சிகோக்காரர்கள், பழைய இத்தாலியத் தெருக்களில் மிச்சமிருக்கும் சில வெள்ளைப் பிள்ளைகள். ஆசிரியர்கள் இருபத்திரண்டு பேர். அதில் இருபத்தொரு பேர் வெள்ளைக்காரப் பெண்கள். நல்ல பெண்கள்தான், பெரும்பாலும் இருபத்தைந்து வயது. ஐந்து பேருக்குப் பெயர் கேட், கேட்டி, கேத்லின் என்று ஒரே ஜாடை. எல்லாருக்கும் ஒரே முகம், எப்படிப் பிரித்துச் சொல்வது என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். 'காப்பி கேட்டி', 'நாய்க்குட்டி கேட்டி', 'போன வாரம் அழுத கேட்டி' என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

இருபத்திரண்டாவது ஆள் வெண்டெல்.

அதற்காகப் பள்ளியில் எங்கள் நிறத்துக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தொரு வருடமாகக் கட்டடத்தைத் துடைத்துப் பராமரிக்கிறவர் அமோஸ். அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறவள் வொனேட்டா. சாப்பாடு போடுகிறவர்கள், வாசலில் காவல் நிற்கிறவர், தெருவில் பிள்ளைகளைக் கடக்க வைக்கிறவர் எல்லாரும் எங்கள் தேவாலயத்து ஆட்கள். துடைப்பம், கரண்டி, சாவிக்கொத்து எல்லாம் எங்கள் கையில் இருக்கின்றன. சாக்பீஸ் மட்டும்தான் ஒரே ஒரு கையில்.

ஒரே ஒருவன் என்றால் கறிவேப்பிலை கதைதான், எதற்கும் கிள்ளிப் போடுவார்கள். பிப்ரவரி மாதம் கறுப்பர் வரலாறு கொண்டாட வெண்டெல். பள்ளியின் விளம்பரத் தாளில் சிரிக்க வெண்டெல். ஹைட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோது பேசிப் பார்க்கவும் வெண்டெலைத்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. முக்கால் மணி நேரம் சிரித்துவிட்டு வந்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தச் சிவப்புச் சீட்டு. அடங்காத பையனை அரை மணி நேரம் வேறொரு வகுப்பில் உட்கார வைக்கலாம் என்று ஒரு வழக்கம். எந்த வகுப்பு என்பது டீச்சரின் விருப்பம். இருபத்தொரு டீச்சர்களும் தனித்தனியாக யோசித்து, ஒரே அறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பன்னிரண்டாம் அறை, வெண்டெலின் அறை. பையன் எந்த நிறமாக இருந்தாலும் சீட்டு அங்கேதான் வரும். கறுப்புப் பையன் என்றால் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

இன்று காலை ஒன்பதரைக்குள் ஏழு சீட்டு.

டீன் ஆகிவிட்டால் சீட்டு மட்டும்தான் வரும், பாடம் வராது. முறைத்த முகமும் அழுத முகமுமாகப் பிள்ளைகள் வந்து நிற்கும் ஒரு கதவு, அதில் அவன் பெயர்.

பத்து மணிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து டாக்டர் பிட்மன் என்ற பெண்மணி வந்தார். ஐம்பது வயது, வெள்ளி நரை, எங்கள் நிறம், கையில் குறிப்பேடு. டீன் ஆகப்போகிறவரைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போவது அவர் வேலை. ஆளை எப்படி அடையாளம் தெரிந்துகொள்வது என்று தலைமையாசிரியை மிஸஸ் கோவால்ஸ்கியிடம் கேட்டார்.

மிஸஸ் கோவால்ஸ்கி தங்கமான மனுஷி. ஆனால் 'கறுப்பு' என்ற சொல்லை வாயால் சொன்னால் பல் கொட்டிவிடும் என்று பயப்படுகிறவர். அதுவும் எதிரில் டாக்டர் பிட்மன் உட்கார்ந்திருக்கும்போது.

"உயரமா இருப்பாரு," என்றார். "நீலச் சட்டை. ரொம்ப… அன்பான மனுஷர். பிள்ளைங்க எப்பவும் சுத்தி நிப்பாங்க. ஒரு தனி… ஒரு தனிப் பொலிவு."

டாக்டர் பிட்மன் காத்திருந்தார். சொல்ல வேண்டிய ஒரே சொல் எப்போது வரும் என்று அவருக்கு ஆவல். அது வரவில்லை. தலைமையாசிரியை காது வரை சிவந்து, இன்று டை கூடக் கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன், பெரிய நாளல்லவா என்று முடித்தார். அதற்குள் ஒரு கேட்டியின் வகுப்பில் யாரோ மீன் தொட்டியைக் கவிழ்த்துவிட்டதாகச் செய்தி வர, அவர் எழுந்து ஓடினார். வொனேட்டா அந்த நேரம் நகலெடுக்கும் அறையில் இருந்தாள். தன் மேசையில் இருந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

டாக்டர் பிட்மன் தாழ்வாரத்தில் இறங்கி நடந்தார். விட்டுப்போன சொல் எதுவென்று அவருக்கா தெரியாது? முதல் திருப்பத்திலேயே ஆள் கிடைத்தார். உயரம். நீலச் சட்டை. டை. சுற்றி நாலு பிள்ளைகள், கொட்டிய பாலைத் துடைத்துக்கொண்டு.

அமோஸ்.

உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டேன் என்றார் டாக்டர் பிட்மன். முப்பத்தொரு வருடத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அமோஸ் இன்னும் ஒரு அங்குலம் உயர்ந்தார்.

"இந்தப் பசங்களை எப்படி அடக்கறீங்க?"

"அடக்கறதில்ல மேடம். கையில துடைப்பத்தைக் குடுத்துடுவேன். கைக்கு வேலை வந்தா வாய் தானா மூடிக்கும்."

டாக்டர் பிட்மன் வேகமாக எழுதினார். 'மாணவர் தாமே பொறுப்பேற்கும் முறை' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

"இனி ஸ்கூல் முழுக்க உங்க பொறுப்பு. சம்மதந்தானே, மிஸ்டர் டாப்ஸ்?"

அப்போதுதான் அமோஸுக்கு விளங்கியது. 'நான் டாப்ஸ் இல்லை' என்று சொல்ல வாய் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மருமகன் ஐந்து நாளாக எதையோ மென்று முழுங்குவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இந்தக் கட்டடத்தில் எத்தனை கதவுகளை அவர் துடைத்திருப்பார்! தன் வீட்டுப் பெயர் ஒன்றாவது ஒரு கதவில் இருந்ததா? அந்த எழுத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று வர்ணம்கூட வாங்கி வைத்திருந்தார்.

"சம்மதம் மேடம்," என்றார் டீக்கன்.

பொய் சொல்லவில்லையாம். குடும்பத்தின் சார்பில் பதில் சொன்னாராம். பிற்பாடு எங்களிடம் அப்படித்தான் வாதாடினார்.

ஆனால் டாக்டர் பிட்மன் அதோடு விடவில்லை. உங்கள் வகுப்பை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்றார். அமோஸுக்கு வியர்த்தது. பன்னிரண்டாம் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. அவர் விருந்தாளியைக் கொதிகலன் அறை, உடற்பயிற்சிக் கூடம், சாப்பாட்டுக் கூடம் என்று ஊர்வலம் அழைத்துப் போனார். வழியில் அலுவலகக் கதவுக்குள் தலையை நீட்டி, "முடிஞ்சுது கண்ணு. சம்மதம் சொல்லியாச்சு," என்று மகளிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். யார் சொன்னது என்று வொனேட்டா கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

எவ்வளவு சுற்றினாலும் கட்டடம் தீர்ந்துதானே ஆகும். பன்னிரண்டாம் அறை வந்தது.

உள்ளே விளக்கு அணைந்திருந்தது. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெண்டெல் தரையில் மல்லாக்க ஒரு மேசைக்கு அடியில் கிடந்தான். டையைக் கழற்றி டிமெட்ரியஸ் என்ற பையனின் கம்பி கீறிய கையில் சுற்றியிருந்தான். சீட்டோடு வந்த ஏழு பேரில் டிமெட்ரியஸ் முதல் ஆள்; அரை மணி முடிந்தும் ஏழு பேரும் திரும்பிப் போகவில்லை. பேட்டரி, கம்பி, சின்ன பல்பு என்று எல்லாப் பிள்ளைகளும் தரையில் குப்புறக் கிடந்தார்கள்.

"யாரு அது?" என்றார் டாக்டர் பிட்மன்.

அமோஸ் டையை நேராக்கினார். "அவரு… எனக்கு ஒத்தாசைக்கு இருக்கறவரு."

இருவரும் நின்று பார்த்தார்கள். பிசெத் என்ற கம்போடியப் பையனின் பல்பு எரியவில்லை. அவன் பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை. ஆறு மாதத்தில் வெண்டெலிடம் அவன் பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும். ஏன் எரியவில்லை என்று வெண்டெல் சொல்லவில்லை. சீட்டோடு வந்த பிள்ளைகளிடம் கேட்டான். டிமெட்ரியஸ் தவழ்ந்து போய், கம்பி போன வழியில் விரலை வைத்து வந்தான். ஓர் இடத்தில் விரல் நின்றது. பிசெத் தானே கம்பியைத் திருப்பி வைத்தான். பல்பு எரிந்தது. பிசெத்தின் முகம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. டிமெட்ரியஸ் தன் சீட்டை மறந்துவிட்டு அடுத்த பல்புக்குத் தவழ்ந்தான்.

டாக்டர் பிட்மன் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"மிஸ்டர் டாப்ஸ், ஒண்ணு சொல்றேன். நீங்க டீன் ஆகுங்க, என்ன வேணா ஆகுங்க. ஆனா உங்க ஒத்தாசைக்காரர் இருக்காரே, அவரை மட்டும் இந்த ரூமை விட்டு எடுக்க விடாதீங்க. எடுத்தா அது பாவம்."

பாவம் என்ற சொல்லை டீக்கனிடம் சொல்லக் கூடாது. அமோஸின் கை தானாக டையின் முடிச்சைத் தளர்த்தியது. பிசெத்தின் முகம் அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. முப்பத்தொரு வருடமாகத் தரையைப் பார்த்து வேலை செய்தவர். கதவுக்குள் எட்டிப் பார்க்க இன்றுதான் அவருக்கு நேரம் கிடைத்தது. கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமென்ன, கேட்ட எனக்கே கலங்கியது.

"மேடம், என் பேரு அமோஸ். நான் தரை துடைக்கறவன். டாப்ஸுங்கறது உள்ள படுத்திருக்கறவர்."

டாக்டர் பிட்மன் அவரைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் அடிக்கோடிட்ட பக்கத்தைத் திருப்பினார்.

"அப்போ இந்தத் துடைப்பம்…"

"நிஜத் துடைப்பந்தான் மேடம்."

அந்தச் சிரிப்பு சாப்பாட்டுக் கூடம் வரை கேட்டது என்கிறார்கள். சிரித்து முடித்து, நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போய் டாக்டர் பிட்மன் சொன்ன வார்த்தையை ஊரே இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறது: "கறுப்பா இருப்பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தினம் காலைல கண்ணாடியில பாக்கற நிறந்தான்."

மூன்றடிக்கப் பத்து நிமிடம். மணி அடித்துப் பிள்ளைகள் கலைய ஆரம்பித்திருந்தார்கள். அக்கா வந்து அழைத்துப் போகக் காத்திருந்த பிசெத் மட்டும் அலுவலக பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருந்தான்.

வெண்டெல் உள்ளே வந்தான். டாக்டர் பிட்மன் தன் பக்கம் என்று அவனுக்கு அமோஸ் சொல்லியிருந்தார். மாமனாரே மன்னிப்புக் கேட்டுவிட்டார். இனி ஒரே ஒரு ஆள் பாக்கி. அவள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு அது வேண்டாம், வொனேட்டா. முதல்லேருந்தே வேண்டாம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ஏன் என்று மட்டும் கேட்டாள்.

"நான் படிச்ச ஸ்கூல்லயும் நம்ம ஆள் ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுஷன். ஆனா அவர் ரூமுக்கு நான் போனதெல்லாம் தப்பு பண்ணினப்பதான். பன்னெண்டு வருஷம் படிச்சேன். எனக்கு ஒரு கணக்கு சொல்லிக்குடுத்த கறுப்பு மனுஷன் ஒருத்தர் இல்ல. இந்தப் பசங்க என்னைப் பாத்தா பாடம் ஞாபகம் வரணும். திட்டு ஞாபகம் வரக் கூடாது."

கதவோரம் அமோஸ் டையைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்தார். வொனேட்டா புருஷனையே பார்த்தாள். கல்யாணமான பதினோரு வருடத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"இதை முட்டை திங்கறப்பவே சொல்லியிருக்கலாமே, வென்," என்றாள். கோபம் இல்லை. "கேக்கை விடு, அதுல 'டீன்'ங்கறதை நான் சுரண்டிடுவேன். ஆனா அப்பா வந்து சம்மதம்னு சொன்னாரு. நான் பதினோரு மணிக்கே உன் இடத்துக்குப் பாத்து வெச்சிருந்த டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். உன் வகுப்பு அப்பா அம்மாக்கள் எல்லாருக்கும் செய்தியும் அனுப்பிட்டேன். நாலு மொழியில. திங்கட்கிழமைலேருந்து புது டீச்சர்னு."

வெண்டெல் மாமனாரைப் பார்த்தான். மாமனார் தான் துடைத்த தரையைப் பார்த்தார்.

"திரும்ப ஒரு செய்தி அனுப்பினா போச்சு," என்றான் வெண்டெல். "இன்னொரு கேட்டி தானே? வேற இடம் கிடைக்கும்."

வொனேட்டா பதில் சொல்வதற்குள் வெளிக்கதவு திறந்தது.

வந்தவள் கேட்டி இல்லை. சின்ன உருவம், கறுத்த நேர்முடி, மார்போடு அணைத்த அட்டைப்பெட்டி. பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருந்த பிசெத் எழுந்தான். அவளிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டான். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதே மொழியில் பதில் சொன்னாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. பல்பு, பேட்டரி, டிமெட்ரியஸ் என்று நடுநடுவே மூன்று சொல் மட்டும் வெண்டெலுக்குப் புரிந்தது. மீதி எல்லாம் அவன் ஆறு மாதமாகக் கேட்டிராத பிசெத்.

நூற்றுக்கு மேல் கம்போடியப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் அவர்கள் வீட்டு முகத்தோடு ஒரு டீச்சர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவது அதுதான் முதல் தடவை.

அவள் நிமிர்ந்து கையை நீட்டினாள்.

"நீங்கதானே மிஸ்டர் டாப்ஸ்? நான் ரதனா கியோ. நாலு வருஷமா லீவுல போன டீச்சருங்களுக்குப் பதிலா ஊரெல்லாம் சுத்தினேன். எனக்குன்னு ஒரு வகுப்பு கிடைக்கறது இதான் முதல் தடவை. எங்கம்மா காலைலேருந்து கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க." அவள் சிரித்தாள். "உங்க ரூமை எனக்கு விட்டுக் குடுத்தீங்களே, அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

பிசெத் அவள் சட்டையைப் பிடித்துப் பன்னிரண்டாம் அறை இருக்கும் பக்கம் இழுத்தான். வெண்டெல் அவள் கையைப் பற்றியபடியே நின்றான்.